எருக் கரைசலும் வடிதுணியும்

நீரைத் துணியிட்டு வடித்துப் பருகுதல் நம் நாட்டிற் பழைய வழக்கம். இவ்வழக்கத்தின் பயனை நரம்புச் சிலந்தி நோய் நமக்கு நன்கு கற்பித்தது. அந்நோயின் கருவைத் தாங்கிய சிற்றுயிர் குளத்து நீரில் வாழ்வது. துணியின் கண்ணைவிடப் பெரியது. ஆதலால் வடிக்கும்போது துணியிலேயே தங்கிவிடும். இத்தகைய எளிய உபாயங்களின் துணையால் இந்தியா அந்நோயினின்றும் விடுபட்டதென 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. ஆயினும் துணி தடுப்பது தன் கண்ணினும் பெரியதையே யன்றிச் சிறியதையன்று. செடிகளுக்கு எருக் கரைசல் தெளிக்க விரும்புவோர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டிய உண்மை இதுவே.

எருக் கரைசலாவது, நன்றாய் மக்கிய எருவைக் கோணித்துணியிற் பொட்டலமாகக் கட்டி, ஐந்து முதல் பத்து மடங்கு நீரில் ஓரிரு நாள் ஊறவைத்து, அடிக்கடி கலக்கி எடுக்கும் சாறாகும். எருவிலுள்ள கரையும் சத்துக்களும் நுண்ணுயிர்களும் அந்நீரிற் சேர்கின்றன. கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யமும் ஏறக்குறைய இவ்வினத்ததே. அதனை 100 பங்கு நீருக்கு 3 பங்கு வீதம் கலந்து தெளிப்பர்.

இராமநாதபுரம் சீமையின் முண்டு மிளகாய் 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய் நீரையும் நம்பி வாழும் இப்பயிரை உடையவர்களுக்கு, வெயில் தணிந்து காற்றும் அடங்கிய மாலைப் பொழுதே தெளிப்பதற்கு ஏற்றது. அவ்வேளையில் முதுகில் மாட்டிய தெளிப்பானின் வாய் அடைபடுமாயின், அன்றைய உழைப்பும் கூலியும் வீணாகும். பாதி நிலம் நனைந்தும் பாதி காய்ந்தும் கிடக்கும்.

அடைப்பு எவ்வாறு உண்டாகிறது? தெளிப்பானின் நுனித்துளை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமே யுள்ளது. அதனிலும் பெரிய துரும்பு அங்கே சிக்குவது வெளிப்படை. ஆனால் அதனிலும் சிறிய துகள்கள் பல ஒரே சமயத்தில் நெருக்கிக்கொண்டு வந்தாலும், திருவிழாக் கூட்டம் குறுகிய வாசலில் முட்டிக்கொண்டு நிற்பதுபோல், ஒன்றையொன்று தாங்கித் துளையை அடைத்துவிடும். ஆதலால் வடிதுணியின் கண், நுனித்துளையிற் பாதிக்கும் குறைவாயிருத்தல் வேண்டும். கொசுவலையின் கண்ணோ நுனித்துளைக்கு ஒப்பானது. எனவே அஃதொன்றே போதாது.

வடிக்கும் முறை வருமாறு: பொட்டலத்தை நீக்கியபின் கரைசலை அரைமணி நேரம் அசையாது வைத்துத் தெளியவிடுக. அடிவண்டல் கலங்காதபடி மேலாக முகந்து, முதலிற் கொசுவலையிலும், பின்னர் ஒற்றை மடிப்பாக விரித்த பழைய வேட்டித் துணியிலும் ஊற்றுக. நீர் இறங்கத் தாமதித்தால் துணியை அலசி மீண்டும் விரிக்க வேண்டுமேயன்றிப் பிழியலாகாது. பிழிந்தால், தங்கிய நுண்துகள் யாவும் துணியை ஊடுருவிக் கீழே இறங்கிவிடும். எஞ்சிய வண்டலைச் செடியின் அடியிலிட்டால் அதுவும் எருவாம். வடித்த கரைசலை அன்றே தெளித்துவிட்டு, தெளிப்பானில் நல்ல நீர் ஊற்றி அடித்துக் கழுவுக. துளை அடைபட்டால் ஊசியாற் குத்துதல் தகாது; துளை அகன்று தெளிப்புக் கெடும். வாயால் ஊதுதலும் உடலுக்குத் தீங்கு. மெல்லிய தூரிகையும் நீருமே போதும்.

இவ்வளவு செய்தபின், கரைசல் தெளிவாயிருக்கிறது, ஆகவே தூயது என்று எண்ணுவோர் பலர். இங்குதான் பிழை நேருகிறது. துணிக்கு அகப்படாதவை இரண்டு உள. ஒன்று உப்பு. இராமேசுவரம் முதலான கரையோரங்களில் உவர்க் கிணறுகள் பல. நீரிற் கரைந்த உப்பை எத்துணியும் பிடிக்காது. இலைமீது நீர் உலர, உப்பு மிஞ்சி இலையைக் கருக்கும். ஆதலின் ஊருணி நீரோ சேமித்த மழைநீரோ கொள்வது நலம். கரையில் ஒதுங்கும் கடற்பாசியை மக்கவைப்போர் முன்னதாக அதனை நல்ல நீரில் அலசி, உப்பையும் மணலையும் நீக்குக.

மற்றொன்று நோய்க்கிருமி. பாக்டீரியா பெரும்பாலும் மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட அளவினது. நன்மை செய்யும் நுண்ணுயிர் புகும் வழியே தீயதும் புகும். பச்சைச் சாணத்திற் கிருமிகள் இருக்கக்கூடும்; வெல்லம் சேர்த்தால் அவையும் பெருகக்கூடும். அமெரிக்காவில் தேசீய அங்கக வேளாண்மைத் தர வாரியத்தின் குழுவொன்று 2004-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, இனிப்புச் சேர்த்தும் சோதிக்காமலும் விட்ட கரைசலைப் பச்சைச் சாணம்போற் கருத வேண்டுமென்றது. அந்நாட்டு விதிப்படி பச்சைச் சாணத்தை, உண்ணும் பகுதி மண்ணைத் தொடாத பயிருக்கு அறுவடைக்கு 90 நாட்களுக்கு முன்னரும், தொடும் பயிருக்கு 120 நாட்களுக்கு முன்னரும் இடவேண்டும். ஆகவே சூடேறி முற்றும் மக்கிய எருவையே கொள்க. பச்சையாய் உண்ணும் கீரையின்மீதும் பறிக்கவிருக்கும் காயின்மீதும் தெளியாதொழிக. வேலை முடிந்ததும் கைகளைச் சவுக்காரமிட்டுக் கழுவுக.

துணி தன் கடமையைச் செவ்வனே செய்கிறது. நீரையும் எருவையும் தேர்ந்துகொள்ளும் கடமை நம்முடையது. அதனைத் துணியின் தலையிற் சுமத்தாதிருப்போமாக.