கேட்காமலே வந்து சேரும் செய்தி

இணையதளங்களை இயக்கும் எச்டிடிபி நெறிமுறையில் பேச்சைத் தொடங்கும் உரிமை உலாவிக்கு மட்டுமே உண்டு. உலாவி கேட்கும், சர்வர் பதில் தரும், அத்தோடு முடிந்தது. செய்தி படிக்க இது போதும். அரட்டைக்கும் கிரிக்கெட் ஸ்கோருக்கும் போதாது. 'புதிதாக ஏதேனும் உண்டா?' என்று உலாவி விடாமல் நச்சரிக்கலாம். பெரும்பாலும் 'இல்லை' என்றே பதில் வரும். கேள்வியை வாங்கிவைத்துக்கொண்டு, செய்தி வரும்வரை சர்வர் பதிலைத் தள்ளிப்போடும் 'லாங் போலிங்' இதைவிடச் சாமர்த்தியமானது. ஒட்டுவேலைதான், ஆனால் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது.

2011 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6455 ஆவணத்தின் வழியே தரநிலை பெற்ற வெப்சாக்கெட் இந்த நிலையை மாற்றியது. தொடக்கம் வழக்கமான எச்டிடிபி கோரிக்கைதான். அதில் உலாவி ஒரு சாவியைச் சேர்த்து அனுப்பும். சர்வர் அதனோடு, தரநிலையிலேயே குறித்துவைத்த ஒரு மாறாத சரத்தை ஒட்டி, ஷா-1 முறையில் சுருக்கித் திருப்பி அனுப்பும். கூடவே 101 என்ற நிலைக்குறியீடும் வரும். இந்தச் சடங்கு ரகசியம் காக்க அல்ல. எதிர்முனைக்கு வெப்சாக்கெட் தெரியும் என்பதை உறுதிசெய்ய. அதன்பின் இணைப்பு திறந்தே இருக்கும், இரு தரப்பும் நினைத்தபோது பேசலாம். 125 பைட்டுக்குள் அடங்கும் செய்திக்குச் சர்வர் சேர்க்கும் தலைப்பு 2 பைட். உலாவி சேர்ப்பது 6.

ஆனால் வெப்சாக்கெட் வெறும் குழாய். எந்தச் செய்தி யாருக்கு என்பது அதற்குத் தெரியாது. 2010இல் வெளிவந்த சாக்கெட்.ஐஓ போன்ற நூலகங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றின் 'ரூம்' என்பது சர்வரின் நினைவகத்தில் இருக்கும் ஒரு பெயர்ப்பட்டியல், அவ்வளவே. ஒருவர் 'இயற்பியல்' குழுவைத் திறந்தால், அவர் உறுப்பினர்தானா என்று நிரல் சரிபார்த்து, அவருடைய இணைப்பை, அதாவது சாக்கெட்டை, பட்டியலில் சேர்க்கும். அந்த ரூமுக்கு அனுப்பும் செய்தி பட்டியலில் உள்ள எல்லோருக்கும் போகும். எழுதியவரை மட்டும் விட்டுவிடவும் முடியும். ஒரே ஆள் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் இருந்தால் அவை இரண்டு சாக்கெட்டுகள். இரண்டையும் அவருடைய பயனர் எண்ணின் பெயரில் ஒரு ரூமில் போட்டுவிட்டால் தனிச்செய்தி இரு திரையிலும் தெரியும்.

தடுமாற்றம் வருவது இணைப்பு அறுந்து மீளும்போது. சாக்கெட்.ஐஓவின் இப்போதைய இயல்பமைப்பில் சர்வர் 25 விநாடிக்கொரு முறை 'பிங்' அனுப்பும். 20 விநாடிக்குள் பதில் இல்லையென்றால் இணைப்பு போனதாகக் கொண்டு அந்தச் சாக்கெட்டை எல்லா ரூமிலிருந்தும் நீக்கிவிடும். மீண்டும் வரும் உலாவிக்குப் பொதுவாகப் புது அடையாள எண் கிடைக்கும், ரூமில் மறுபடி சேர்க்க வேண்டும். இடையில் தவறிய செய்திகளை நூலகம் தானாகச் சேமித்துவைக்காது. தரவுத்தளத்திலிருந்துதான் எடுத்துத் தர வேண்டும்.

சாக்கெட்.ஐஓவில் உள்ள 'நேம்ஸ்பேஸ்' ரூமிலிருந்து வேறுபட்டது. நிர்வாகிகளுக்கு ஒன்று, பொதுப் பயனருக்கு ஒன்று என ஒரே இணைப்பை மென்பொருள் அளவில் பிரிப்பது அது. ரூமைப் பற்றி உலாவிக்கு எதுவும் தெரியாது. நேம்ஸ்பேஸையோ உலாவியே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதிச் சோதனை வைக்கலாம். இரண்டு நேம்ஸ்பேஸில் ஒரே பெயரில் ரூம் இருந்தாலும் அவை வெவ்வேறு. குழுவுக்கொரு நேம்ஸ்பேஸ் திறப்பது வீண்வேலை. அதற்கு ரூமே போதும்.

பயனர் பெருகி இரண்டாவது சர்வர் வந்தால், ஒன்றின் பட்டியல் மற்றொன்றுக்குத் தெரியாது. அப்போது நடுவில் ரெடிஸ் போன்ற ஒரு மென்பொருளை வைத்து, ஒரு சர்வர் அனுப்பும் செய்தியை மற்ற சர்வர்களும் வாங்கித் தத்தம் ரூம்களுக்குப் பகிர ஏற்பாடு செய்கிறார்கள்.