ஞாயிறு மதியம் ரேடியோ… லண்டன் கேட்க, ஹாம்பர்க் பாட!

வாட்ஸ்அப்பை ஒரு நிமிஷம் மறந்துவிடுங்கள். 1940-களின் கடைசி. பிரிட்டனில் அம்மா, ஜெர்மனியில் ராணுவ முகாமில் மகன். வீட்டில் போன் கிடையாது. கடிதம் வர நாளாகும்.

ஆனால் ஞாயிறு மதியம் ரேடியோ இருந்தது. பிபிசியின் ‘லைட் புரோகிராம்’ அலைவரிசையில் ‘ஃபேமிலி ஃபேவரிட்ஸ்’ என்ற நேயர் விருப்பம், 1945-ல் போர் முடிந்த கையோடு தொடங்கியது. லண்டன் ஸ்டுடியோவில் ஒரு அறிவிப்பாளர், ஹாம்பர்க் ராணுவ ரேடியோவில் இன்னொருவர். வீட்டிலிருந்து வீரனுக்கு ஒரு பாட்டு, வீரனிடமிருந்து வீட்டுக்கு ஒரு பாட்டு. பாட்டு என்னவோ சாக்குதான். அதற்கு முன்னால் வாசிக்கிற பெயருக்காகத்தான் காது காத்திருக்கும். கட்டாய ராணுவ சேவை போருக்குப் பிறகும் நீடித்ததால், பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை.

இதே பிபிசி 1930-களில் ஞாயிறு என்றால் படு சீரியஸ். தலைவர் ஜான் ரீத் காலத்தில் பிரசங்கமும் கனமான இசையும்தான். போரடித்தவர்கள் ‘ரேடியோ லக்ஸம்பர்க்’ பக்கம் தாவினார்கள். 1940-ல் வீரர்களுக்கென தனி அலைவரிசை வந்த பிறகுதான் ஞாயிறு கொஞ்சம் கலகலப்பானது. 1950-ல் வந்த ‘எஜுகேட்டிங் ஆர்ச்சி’யின் ஹீரோ, பேசும் பொம்மை. ரேடியோவில் பொம்மையா என்று கேட்காதீர்கள், சூப்பர் ஹிட்!

சரி, அந்த இரண்டு மைக்குகளுக்கு வருவோம். லண்டனில் ஜீன் மெட்காஃப், ஹாம்பர்க்கில் கிளிஃப் மிச்செல்மோர். முதலில் குரல் மட்டும்தான் பழக்கம். 1950-ல் இருவருக்கும் கல்யாணம்.