நான்கு கண் பாலம்

இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் கான்லெஸ் என்றொரு சிற்றாறு ஓடுகிறது. பழைய நார்ஸ் மொழியில் அந்தப் பெயருக்குப் ‘பயனற்றது’ என்று பொருள். அதன் குறுக்கே, வெஸ்ட் ஆக்லண்ட் கிராமத்தில், 1823-இல் ஸ்டாக்டன் - டார்லிங்டன் ரயில் பாதைக்காக பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபன்சன் ஓர் இரும்புப் பாலம் எழுப்பினார். உலகின் மிகப் பழைய இரும்பு ரயில் பாலங்களில் அதுவும் ஒன்று.

பாலத்தின் தூண்களுக்கு இடைப்பட்ட வெளியைக் ‘கண்’ என்கிறோம். இந்தப் பாலத்தில் அந்தச் சொல் அப்படியே உருவம் எடுத்திருக்கிறது. ஒவ்வொரு கண்ணிலும் மேலே வில்லாக வளைந்த ஒரு கம்பி, கீழே தொட்டிலாகத் தொங்கும் ஒரு கம்பி. இரண்டும் முனைகளில் சேர, விழித்த கண்ணின் வடிவம் வந்துவிடுகிறது. கம்பிகள் தேனிரும்பு, அவற்றை இணைக்கும் நிமிர்ந்த துண்டுகளும் தூண்களும் வார்ப்பிரும்பு. பாரம் ஏறும்போது மேல்கம்பி வெளிப்புறம் தள்ளும், கீழ்க்கம்பி உட்புறம் இழுக்கும். தள்ளலும் இழுப்பும் முனையில் ஈடாகிவிடுவதால், தூண்களுக்கு எடையைச் சுமக்கும் வேலை மட்டுமே. 1859-இல் பொறியாளர் புரூனெல் கட்டி முடித்த சால்டாஷ் பெரும்பாலமும் இதே உத்தியில்தான் நிற்கிறது. அங்கே ஒரு கண் 455 அடி. இங்கே பன்னிரண்டரை அடி!

முதலில் மூன்று கண்கள்தான். மறு ஆண்டே வெள்ளம் வந்து பாலத்தைச் சேதப்படுத்தியது. தண்ணீர் போக இன்னும் இடம் வேண்டும் என்பது புரிந்தது. நான்காவது கண் சேர்ந்தது. ‘பயனற்ற’ ஆறு ஸ்டீபன்சனுக்கே பாடம் சொல்லிக்கொடுத்தது.

1825 செப்டம்பர் 27, ரயில் பாதையின் திறப்பு விழா. நிலக்கரி வேகன்களை எத்தர்லி மேட்டின் மேல் ஏற்றி இறக்கியது, கயிறு கட்டி இழுக்கும் நீராவி எந்திரம். அங்கிருந்து இந்தப் பாலத்தைத் தாண்டி இழுத்துச் சென்றவை குதிரைகள். அடுத்த மேடான பிரசல்டனையும் கடந்து ஷில்டனில்தான் புகழ்பெற்ற ‘லோகோமோஷன்’ எஞ்சின் காத்திருந்தது.

1840-களில் ஷில்டன் சுரங்கப்பாதை திறந்ததும் எத்தர்லி மேட்டுவழி கைவிடப்பட்டது. பாலம் மட்டும் ஓய்வு பெறவில்லை. 1901 வரை நிலக்கரி சுமந்தது. பிறகு பிரித்தெடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். யார்க் ரயில் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் நின்றது. பாதையின் இருநூற்றாண்டு நெருங்கியபோது ஷில்டன் அருங்காட்சியகத்துக்கு, கிட்டத்தட்ட சொந்த ஊருக்கே, வந்து சேர்ந்தது.

ஆற்றங்கரையில் இப்போது எஞ்சியிருப்பவை பாலத்தைத் தாங்கிய கற்சுவர்கள். இரும்பைக் காப்பாற்றிய அக்கறையோடு இவற்றையும் காக்க வேண்டும். இந்தப் பாலம் எப்படி நின்றது என்பதை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நான்காவது கண் ஏன் வந்தது என்பதை, அந்தச் சுவரருகே நின்று ஓடும் நீரைப் பார்த்தால்தான் உணர முடியும்.