ஐரோப்பிய நாடுகளில் வைத்தியச் செலவு

நோய் எவரையும் முன்னறிவித்து அணுகுவதில்லை. அவரவர் பொருள்நிலையை நோக்கி வருவதுமில்லை. ஆதலின், நோயுற்றவரின் செலவை அவரே தாங்குவதா, சமுதாயம் பகிர்ந்து தாங்குவதா என்னும் வினா எல்லா நாடுகளுக்கும் உரியது. ஐரோப்பிய நாடுகள் இதற்கு ஒரே விடையைக் கண்டில. அவற்றுள் மூன்றினை ஈண்டு ஒப்புநோக்குவோம்.

காலத்தால் முந்தியது ஜேர்மனியின் முறை. 1883ஆம் ஆண்டில் பிஸ்மார்க் தொழிலாளர்க்கான நோய்க் காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றுவித்தார். தொழிலாளரிடையே வளர்ந்துவந்த சமதர்மவாதிகளின் செல்வாக்கைத் தணிப்பதும் அவர்தம் நோக்கமாயிருந்தது. அன்று சந்தாவில் மூன்றில் இரு பங்கைத் தொழிலாளியும், ஒரு பங்கை முதலாளியும் செலுத்தினர். இன்று இருவரும் சமமாகச் செலுத்துகின்றனர். பொதுச் சந்தா சம்பளத்தில் நூற்றுக்கு 14.6 ஆகும், அதன்மேல் ஒவ்வொரு நிதியமும் மேலதிகச் சந்தா அறவிடலாம். வருமானமற்ற வாழ்க்கைத்துணைக்கும் பிள்ளைகளுக்கும் தனிச் சந்தா இல்லை. ஆயின், உயர்ந்த சம்பளம் பெறுவோர் இவ்வமைப்பினின்று நீங்கித் தனியார் காப்புறுதியை நாடலாம். வலியோர் விலகுமிடத்துப் பகிர்வு சிறிது குறைவுறும் அன்றோ?

பிரித்தானியா வேறு வழி சென்றது. 1942இல் வெளியான பெவெரிட்ஜ் அறிக்கையை அடியொற்றி, சுகாதார மந்திரி அனூரின் பெவான் முயற்சியால், 1948 யூலை 5ஆம் நாள் தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. இதன் செலவு பெரும்பாலும் பொது வரியினின்று வருவது. வைத்தியரைக் காணவும் வைத்தியசாலையிற் தங்கவும் நோயாளி பணம் கொடுப்பதில்லை. எனினும் 1951இல், படைக்கலச் செலவு பெருகியபோது, பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் அரசாங்கம் கட்டணம் விதித்தது. அதனைப் பொறாது பெவான் மந்திரிப் பதவியைத் துறந்தார். இம்முறையில் சுகாதாரத்துக்குரிய பணத்தை ஆண்டுதோறும் அரசாங்கமே வரையறுக்கும். பணம் போதாதவிடத்துக் காத்திருப்போர் தொகை பெருகும். நோயாளருள் நூற்றுக்கு 92 பேருக்கு 18 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கவேண்டும் என்னும் இங்கிலாந்தின் இலக்கு 2016இன் பின் எட்டப்பெறவில்லை. வரிசையிற் காத்திருத்தலும் ஒருவகைக் கட்டணமே.

சுவிற்சலாந்திலோ 1996 முதல் ஒவ்வொருவரும் காப்புறுதி பெறுதல் கட்டாயம். அங்குச் சந்தா வருமானத்தைப் பொறுத்ததன்று. ஒரே பிரதேசத்தில், ஒரே நிறுவனத்தில், ஒரே வகைக் காப்புறுதி பெற்ற வளர்ந்தோராயின், வங்கி அதிபரும் கூலியாளும் ஒரே தொகையே செலுத்துவர். வறியோர்க்கு அரசாங்கம் உதவிப்பணம் அளிக்கின்றது. ஆண்டுதோறும் முதலில் எழும் செலவில் ஒரு பகுதியையும் நோயாளியே ஏற்கவேண்டும்.

இம்மூன்றிலும் இலவசம் என்பது யாண்டும் இல்லை. சம்பளத்திலோ, வரியிலோ, சந்தாவிலோ, நலமுள்ள காலத்தில் மக்கள் முற்கூட்டியே கொடுத்து வைக்கின்றனர். வேறுபாடு யாதெனில், எவர் எவ்வளவு கொடுப்பது என்பதே. வருமானத்துக்கேற்ப அறவிடும் முறையில் எளியோர் சுமை தானே இலேசாகும். தலைக்கு இவ்வளவென அறவிடின் உதவிப்பணமின்றி அவர் தாங்கார். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளும் வரிப்பணத்தால் நடப்பனவே. ஆதலின், கட்டணமின்றி மருந்து பெறும்போது, அதன் விலையை முன்னரே செலுத்தினோர் பலர் உளர் என்பதை நாம் மறத்தலாகாது.