அரை வோல்ட்டின் பொருள்

தமிழ்நாட்டில் ‘பொக்லைன்’ என்றும் ‘ஹிட்டாச்சி’ என்றும் நிறுவனப் பெயர்களாலேயே வழங்கிவரும் கனரக அகழ்வு எந்திரம், பம்பு, வால்வு, லீவர் ஆகியவற்றின் செயலை நன்கறிந்த ஒரு மெக்கானிக் தனியாகவே பழுதுபார்த்துவிடக்கூடிய ஒன்றாக இருந்த காலம் கடந்துவிட்டது. இன்றைய எந்திரங்களில் பம்பு எவ்வளவு எண்ணெயைத் தள்ள வேண்டும், என்ஜின் எந்த வேகத்தில் சுழல வேண்டும் என்பவற்றைக் கண்ட்ரோலர் எனப்படும் சிறு கணினி தீர்மானிக்கிறது. அது தீர்மானிப்பதற்கு வேண்டிய செய்திகளை, பணிமனைகளில் சென்சார் என்றே வழங்கும் உணரிகள் மின்னழுத்தமாக மாற்றி அனுப்புகின்றன. ஆகவே எந்திரம் திடீரென மந்தமாகும்போதோ, பக்கெட் மண்ணைக் கவ்வும் நேரத்தில் என்ஜின் திணறும்போதோ, பழுது பம்பில் இருக்கிறதா அல்லது பம்பைப் பற்றிக் கண்ட்ரோலருக்குச் சென்ற செய்தியில் இருக்கிறதா என்னும் கேள்வி முதலில் எழ வேண்டும். பம்பின் விலை லட்சங்களில் வருவதால், இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது உரிமையாளரின் கையைக் கடிக்கும்.

செய்தி எவ்வாறு செல்கிறது என்பதற்குப் பம்பு அழுத்த உணரி தக்க எடுத்துக்காட்டு. 20 டன் வகை எந்திரங்களில் ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம் உச்சத்தில் ஏறத்தாழ 350 பார் வரை எழும். கார் டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் இரண்டு பாரைச் சற்றே தாண்டும் என்பதோடு ஒப்பிட்டால் இதன் கடுமை விளங்கும். இந்த அழுத்தத்தை அளக்கும் உணரியில் பெரும்பாலும் மூன்று வயர்கள் இருக்கும்: ஒன்று கண்ட்ரோலர் தரும் 5 வோல்ட்டைக் கொண்டுவருகிறது, இன்னொன்று எர்த் எனப்படும் திரும்பு வழி, மூன்றாவது அளவைச் சுமந்து செல்லும் சிக்னல் வயர். பரவலாகக் காணப்படும் வகையில், அழுத்தமே இல்லாதபோது சிக்னல் 0.5 வோல்ட்டாகவும், உணரியின் உச்ச அளவான 500 பாரில் 4.5 வோல்ட்டாகவும் இருக்கும். அதன்படி 250 பாரில் 2.5 வோல்ட் வர வேண்டும்.

அழுத்தம் இல்லையென்றால் 0 வோல்ட் என்று எளிதாக வைத்துக்கொள்ளாமல் அரை வோல்ட்டில் ஏன் தொடங்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். 0 வோல்ட்டில் தொடங்கியிருந்தால், அழுத்தம் இல்லாத நிலையையும் வயர் அறுந்த நிலையையும் கண்ட்ரோலரால் பிரித்தறிய முடியாமல் போயிருக்கும். கீழே அரை வோல்ட், மேலே அரை வோல்ட் என இரு ஓரங்களையும் வெறுமையாக விட்டுவைத்ததால், சிக்னல் அந்த ஓரங்களுக்குள் நுழைந்த உடனேயே அது எண்ணெயின் நிலையைக் குறிக்கவில்லை, மின்சுற்றின் கோளாற்றையே குறிக்கிறது என்று கணினி அறிந்துகொள்கிறது. இந்த எளிய ஏற்பாட்டின் மதிநுட்பம் பாராட்டத்தக்கது. கோளாற்றை உணர்ந்த கண்ட்ரோலர் திரையில் ஒரு குறியீட்டு எண்ணைக் காட்டுவதோடு, பல எந்திரங்களில் பம்பின் ஓட்டத்தையும் குறைத்துவிடுகிறது. ஓட்டுநர் உணரும் மந்தம் பெரும்பாலும் இந்தத் தற்காப்பினால் வருவதே.

என்ஜின் பகுதியில் பல நிறுவனங்கள் பின்பற்றும் ஜே1939 என்னும் நெறிமுறையில் குறியீடு இரு பகுதிகளைக் கொண்டது. எஸ்.பி.என். என்னும் எண் எந்த அளவு என்பதையும், எஃப்.எம்.ஐ. என்னும் எண் அதற்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லும். எஸ்.பி.என். 110 என்பது என்ஜின் குளிர்நீரின் வெப்பநிலை, அதோடு எஃப்.எம்.ஐ. 3 வந்தால் மின்னழுத்தம் அளவுக்கு மேல், 4 வந்தால் அளவுக்குக் கீழ் என்று பொருள். இந்த எண்ணைப் படித்தவுடன் புதிய உணரியை வாங்கிவரச் சொல்வது பணிமனைகளில் ஊறிப்போன பழக்கம். குறியீடு சுட்டுவதோ உணரி, கனெக்டர், வயர், கண்ட்ரோலரின் உள்சுற்று ஆகிய அனைத்தும் அடங்கிய ஒரு முழுப் பாதையை. அதில் எந்த இடம் என்பதை மல்டிமீட்டரைக் கையில் எடுத்தவரே சொல்ல முடியும்.

வெப்பநிலை உணரியில் இதற்கு ஓர் அழகான சோதனை உண்டு. இவ்வுணரி, சூடு ஏற ஏறத் தன் மின்தடை குறையும் தெர்மிஸ்டர் என்னும் பொருளால் ஆனது, வயர்கள் இரண்டே. எஃப்.எம்.ஐ. 3 காட்டும் எந்திரத்தில் உணரியின் கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்து முனைகள் இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால், மின்னழுத்தம் 0 வோல்ட்டுக்கு அருகே இறங்கிக் குறியீடு 4 என மாற வேண்டும். அவ்வாறு மாறினால் வயரும் கண்ட்ரோலரும் நலமாக உள்ளன, சந்தேகம் உணரியின் மீதும் அது கனெக்டரோடு சேரும் இடத்தின் மீதும் மட்டுமே எஞ்சுகிறது. மாறாமல் 3 என்றே நின்றால் எத்தனை புதிய உணரிகளை மாட்டினாலும் பயனில்லை, வயரைத் தொடர்ந்து செல்ல வேண்டியதுதான். மூன்று வயர் உணரியில் முனைகளைக் கண்டபடி இணைப்பது 5 வோல்ட் வழியையே ஷார்ட் செய்துவிடும் என்பதால் இச்சோதனையை அங்கே அப்படியே செய்தல் ஆகாது.

அந்த 5 வோல்ட் வழி பெரும்பாலும் பல உணரிகளுக்குப் பொதுவானது. ஓர் உணரி உள்ளுக்குள் ஷார்ட் ஆகி அதைக் கீழே இழுத்துவிட்டால், அதே வழியில் உள்ள மற்றவையும் வாயடைத்துப்போக, திரையில் நான்கைந்து குறியீடுகள் ஒன்றாகத் தோன்றும். அப்போது உணரிகளின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே 5 வோல்ட் எப்போது மீள்கிறது என்று பார்த்தால், கழற்றியவுடன் வோல்ட்டை மீட்ட அந்த ஒன்றே குற்றவாளி.

வயர் கெடும் இடங்கள் பெரும்பாலும் எதிர்பார்க்கத்தக்கவையே: என்ஜின் அதிர்வில் கிளாம்போடு உரசும் வளைவுகள், உயரழுத்தத்தில் நீரைப் பீய்ச்சிக் கழுவும்போது நனையும் கனெக்டர்கள், நிறுத்திவைத்த எந்திரத்தில் எலி கடித்த இடங்கள். உறைக்குள் நீர் புகுந்த செம்புக் கம்பி பச்சை பூத்துப் பொடிந்துவிடும். சோதனைக்காக ஊசியால் வயரின் உறையைக் குத்துவதும் அதே நீருக்கு வாசல் திறப்பதாகும் என்பதால், கனெக்டரின் பின்புறமாக அளவுமுனையைச் செருகி அளப்பதே முறை. கோளாறு வந்து வந்து மறைந்தால், சாவியைப் போட்டு அளவைக் கவனித்தபடி ஹார்னஸ் என்னும் வயர்கட்டைச் சாண் சாணாக அசைத்துப் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது, குறியீடே வராத கோளாறு. சிக்னல் 0.5க்கும் 4.5க்கும் இடையே இருக்கும் வரை அது பொய்யாயினும் கண்ட்ரோலர் அதை நம்பும். எர்த் வயரின் கனெக்டரில் துரு படிந்து 50 ஓம் தடை சேர்ந்துவிட்டதாகக் கொள்ளலாம். உணரி இழுக்கும் மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர் என்றால், எர்த் முனையே அரை வோல்ட் உயர்ந்து நிற்கும். உணரிக்குக் கிடைக்கும் மின்னழுத்தமும் அந்த அளவு குறைவதைக் கழித்தபின், அழுத்தம் இல்லாதபோது 0.5 காட்ட வேண்டிய சிக்னல் ஏறத்தாழ 0.95 வோல்ட் காட்டும். கண்ட்ரோலரின் கணக்கில் அது 55 பாருக்கு மேல். என்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டு, லீவர்களை அசைத்து எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றிய பிறகும் திரையில் அந்த எண் இறங்காமல் நின்றால், உணரியின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே அரை வோல்ட் தென்பட்டால் கனெக்டரைச் சுத்தம் செய்வதே வேலை. செய்யாமல் விட்ட கனெக்டரில் புத்தம் புதிய உணரியைப் பொருத்தினாலும் அதே 55 பார்தான் திரையில் தெரியும்.