வரிசை தப்பாத கைகள்

எந்த இயல்புள்ளவருக்கு எந்த வேலை பொருந்தும் என்று 1959-இல் ஒரு கோட்பாடு வகுத்தார் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலந்து. அதன் ஆறு பிரிவுகளில் ஒன்று, வகுத்து வைத்த முறைப்படி வேலை செய்ய விரும்புவோருக்கானது. இவர்களுக்குக் கணக்கர், எழுத்தர் என்று மேசை வேலையைத்தான் பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். தொழிற்சாலையும் பட்டறையும் இவர்களை நம்பித்தான் ஓடுகின்றன என்பது ஏனோ கண்ணில் படுவதில்லை.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு, பெங்களூரில் கிருஷ்ணராஜபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள தூரவாணி நகரில் 1948-இல் தொடங்கிய இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை. தொடக்கத்தில் அங்கே செய்யப்பட்டவை ஸ்ட்ரோஜர் வகைத் தொலைபேசி இணைப்பகங்கள். அவற்றில் அழைப்பைத் திருப்பிவிடும் செலக்டர் பத்துப் படி ஏறும், ஒவ்வொரு படியிலும் பத்து இடம் சுழலும். ஆக, ஒரே கருவியில் 100 தொடர்புப் புள்ளிகள். ரிலேயின் மெல்லிய வில்தகடு எவ்வளவு விசையில் அழுத்த வேண்டும் என்பதைக்கூட கேஜ் வைத்து கிராம் கணக்கில் பார்ப்பார்கள். கம்பிகளுக்கு நிறமே மொழி. தொலைபேசிக் கேபிளின் 25 இணைக் குறியீட்டில் ஐந்து முதன்மை நிறம், ஐந்து துணை நிறம். ஒன்று மாறினால் ஒருவருக்கு வரும் அழைப்பு இன்னொருவர் வீட்டில் ஒலிக்கும். இங்கே கற்பனைக்கு இடமில்லை. ஆயிரமாவது கம்பியையும் முதல் கம்பியைப் போலவே பார்க்கும் நிதானம்தான் திறமை.

இன்று அதே இயல்புக்கு ஏற்ற வேலைகள் சிஎன்சி இயந்திரங்களில் இருக்கின்றன. ஆபரேட்டர் வரைபடத்தையும் பிராசஸ் ஷீட்டையும் பார்த்து ஆஃப்செட் கொடுத்து, முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளந்து, அளவு சரியென்றால்தான் அடுத்ததைத் தொடுகிறார். தரச் சோதனை, எலக்ட்ரானிக் பலகைகளில் சால்டரிங், மருந்து ஆலைகளில் பேக்கிங் ஆகியவையும் இந்த வகைதான். விமானத் தொழிலில் கெடுபிடி இன்னும் அதிகம். ஷிப்ட் முடியும்போது ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் அது கிடைக்கும்வரை விமானத்தை விடமாட்டார்கள்.

கைத்தொழிலில் இதற்கு இணையானது தறிக்குப் பாவு பிணைப்பது. பழைய பாவின் ஒவ்வொரு இழை நுனியோடும் புதிய இழையை வரிசை தப்பாமல் முறுக்கிச் சேர்க்க வேண்டும். பட்டுச் சேலையென்றால் ஆயிரக்கணக்கான இழைகள். புத்தக பைண்டிங்கில் மடித்த அச்சுத்தாள்களை அடுக்குவதும் தைப்பதும் ஏறக்குறைய அப்படித்தான்.

இவற்றில் தொழிற்சாலை வேலைகளுக்கு வழக்கமான வாசல், பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பயிற்சி நிலையம். ஃபிட்டர், டர்னர் படிப்புகள் இரண்டுக்கும் இரண்டு ஆண்டு; அதன்பின் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்ரண்டிஸ் பயிற்சி. ஒரே முறை ஓய்வு பெறும்வரை நீடிக்கும் என்று நம்பி வரக்கூடாது. தொலைபேசித் தொழிற்சாலையிலேயே ஸ்ட்ரோஜர் போய் கிராஸ்பார் வகை இணைப்பகம் வந்தது. 1980-களில் டிஜிட்டல் இணைப்பகம் வந்ததும் கைவேலையின் பெரும்பகுதி மறைந்தது. பழுதுபார்ப்பு, மாதிரி வார்ப்பு போன்ற பிரிவுகள் முறைப்படி வேலை செய்ய விரும்புவோருக்குச் சிரமம் தரும். அங்கே எழுதி வைத்த முறை எதுவும் இல்லாமலே நாள் தொடங்கும்.