பறக்கும் தெளிப்பானின் வேகத்தை அளந்து பாருங்கள்

இன்று பல ஊர்களில் ட்ரோன் எனப்படும் ஆளில்லாப் பறக்கும் தெளிப்பானை வாடகைக்கு அமர்த்தி மருந்து தெளிக்கிறார்கள். ஏக்கருக்கு 10 லிட்டர் கலவை என்று பேசியிருப்பீர்கள். ஆனால் இரண்டு மூன்று வயல்களுக்குச் சேர்த்துத் தொட்டியை நிரப்பும்போது, உங்கள் வயலில் எவ்வளவு விழுந்தது என்பது தொட்டியைப் பார்த்துத் தெரியாது. வேகத்தைப் பார்த்தால் தெரியும்.

ரேடியோ மூலம் இயக்கப்படும் விமானங்களை வயலுக்குக் கொண்டு வருவது புதிதல்ல. ஜப்பானில் 1987-ஆம் ஆண்டிலேயே யமஹா ஆர்-50 என்ற சிறு ஹெலிகாப்டர் மருந்து தெளிப்புக்கு வந்தது. இத்தகைய விமானங்கள் பறக்கும்போதே தம் வேகத்தையும் உயரத்தையும் அளந்து கொள்கின்றன.

மாதிரி விமானங்களில் வேகத்தை அளக்க, முன்னோக்கி நீட்டிய சிறு குழாய் ஒன்றை வைப்பார்கள். எதிர்க்காற்று குழாயில் மோதும் அழுத்தமே வேகத்தைக் காட்டும். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் இந்த அழுத்தம் சுமார் 24 மில்லிமீட்டர் நீர்மட்டத்துக்குச் சமம். 4 மீட்டர் வேகத்திலோ 1 மில்லிமீட்டர்தான். மெதுவாகப் பறக்கும் தெளிப்பானுக்கு இது உதவாது. மேலும், அது காட்டுவது காற்றை எதிர்த்த வேகம். விநாடிக்கு 3 மீட்டர் எதிர்க்காற்றில் 4 மீட்டர் நகர்ந்தால் குழாய் 7 என்று காட்டும். நமக்கு வேண்டியது நிலத்தின் மீது நகரும் வேகம். அதைச் செயற்கைக்கோள் குறிகளைக் கொண்டு ட்ரோன் கணக்கிடுகிறது. இயக்குபவரின் கைக்கருவித் திரையில் அந்த எண் தெரியும்.

உயரமும் அப்படித்தான். ஒரு மீட்டர் உயர்ந்தால் காற்றழுத்தம் 1.2 மில்லிமீட்டர் நீர்மட்ட அளவே குறையும். ஒரு பலத்த காற்று வீசினாலே அழுத்தமானி ஏமாந்து போகும். எனவே பயிரின் உச்சியை நேரே அளக்கும் ரேடார் உள்ள ட்ரோனே நல்லது.

இனி கணக்கைப் பாருங்கள். தெளிப்பு அகலம் 4 மீட்டர், வேகம் விநாடிக்கு 4 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 960 சதுர மீட்டர் நனையும். பம்ப் நிமிடத்துக்கு 2.4 லிட்டர் தள்ளினால் ஏக்கருக்கு 10 லிட்டர் விழும். இயக்குபவர் அவசரப்பட்டு 6 மீட்டர் வேகத்தில் ஓட்டினால் 6¾ லிட்டர்தான்! மருந்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து விடும். பூச்சி சாகாது, பழி மருந்தின் மேல் விழும். (வேகத்துக்கேற்பப் பம்பும் கூடிக் குறையும் ட்ரோன்களும் உண்டு. எந்த வகை என்று கேட்டுக் கொள்ளுங்கள்.)

திரையை மட்டும் நம்ப வேண்டாம். மருந்து கலக்குமுன் வெறும் தண்ணீரை ஊற்றிச் சோதியுங்கள். இறக்கைகளை நிறுத்தி, பம்பை மட்டும் ஒரு நிமிடம் ஓட்டி, ஒவ்வொரு நாசிலின் கீழும் குவளை வைத்துத் தண்ணீரைப் பிடியுங்கள். நான்கு நாசில்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் 600 மில்லி வர வேண்டும். ஒன்றில் குறைந்தால் அடைப்பு என்று பொருள். பிறகு வரப்போரம் 60 மீட்டர் இடைவெளியில் இரு மூங்கில் கழிகளை நட்டு, முழு வேகம் எடுத்தபின் ட்ரோனை அவற்றைக் கடக்கச் செய்யுங்கள். விலகி நின்று கடிகாரத்தைப் பாருங்கள். 15 விநாடி ஆனால் வேகம் சரி. 10 விநாடியில் கடந்து விட்டால், வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு மருந்தைக் கலக்குங்கள்.